மூட்டை இறங்காது

வருகிற திங்கட்கிழமை முதல் மாலை வகுப்பின் இயந்திரவியல் பாடம் உங்கள் இருவர் கையில். போன வாரம் வகுப்பைப் பார்க்க வந்தபோது நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, விடைக் குறிப்பேடு இருக்குங்களா?" என்பதுதான். இருக்கிறது. அலமாரியின் மேல்தட்டில், பச்சை அட்டை போட்டது. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இந்தப் பக்கங்களைப் படித்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் வயதாகி ஓய்வு பெறுகிறவள் அல்ல. என் கணவருக்குக் குன்னூருக்கு மாற்றல். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவன் இன்னும் தவழ்கிறான். இரண்டையும் வைத்துக்கொண்டு அங்கே வேலை தேடுவேனா என்பதே தெரியாது. ஆறு வருடம் வேலை பார்த்தவள் அறிவுரை சொல்லலாமா என்று யோசித்து, இந்தக் கடிதத்தை இரண்டு முறை கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மாணவர்கள் என்றதும் அரைக்கால் சட்டைப் பையன்களை நினைத்துக்கொண்டுதான் நான் முதல் நாள் உள்ளே நுழைந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் என்னைவிடப் பெரியவர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, ரயிலிலும் லாரியிலுமாக நெல்லியாளம் வந்து சேர்ந்தவர்கள். சிலர் அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் பல வருடம் இயந்திரங்களோடு நின்றவர்கள். அதை அவர்கள் ஸ்டோர் என்பார்கள். ஆனால் நின்றதற்குக் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாததால் இங்கே குழி தோண்டவும் களை வெட்டவும்தான் வேலை கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் கீழே புதுத் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. இயந்திரப் பிரிவுக்கு ஆள் வேண்டும். நம் மாலை வகுப்பில் எழுத்துத் தேர்வு எழுதி, நூற்றுக்கு நாற்பது வாங்கியவர்களின் பெயரைப் பள்ளி எழுதி அனுப்பினால் எடுத்துக்கொள்கிறோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. ஒரே ஒரு பட்டியல். அடுத்த தொழிற்சாலை எப்போது வரும், வருமா என்பது யாருக்கும் தெரியாது.

அந்த வகுப்பின் முதல் பெஞ்சில் ராசையா உட்காருவார். முப்பத்தெட்டு வயது. பதினைந்து வருடம் ஸ்டோரில் இருந்தவர். இடது முழங்கால் சரியாக மடங்காது. சமதளத்தில் அவரைப் போல வேலைக்காரர் கிடையாது. தேயிலைச் சரிவில் நாலு அடி ஏறினால் நின்றுவிடுவார். மேஸ்திரி அவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கொடுத்தார். அதையும் நிறுத்தப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பறிக்கும் கொழுந்தில்தான் குடும்பம் நடந்தது. ஆகவே அந்தப் பட்டியலில் பெயர் வருவதும் வராததும் மற்றவர்களைவிட அவருக்குப் பெரிய விஷயம். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் வாரம் கரும்பலகையில் ஒரு சாய்தளத்தை வரைந்து, 'வழவழப்பான சாய்தளம்' என்று பக்கத்தில் எழுதினேன். ராசையா கையைத் தூக்கினார்.

"டீச்சரம்மா, வழவழப்புன்னா எம்புட்டு வழவழப்பு?"

"உராய்வே இல்லைன்னு வெச்சுக்குங்க."

"அப்புடி ஒரு பலகைய நான் எங்கயும் பாத்ததில்லீங்களே."

அடுத்த பெஞ்சிலிருந்து சவரிமுத்துவின் குரல் வந்தது. இருபத்து மூன்று வயது, வாய் ஓயாது. "இருந்தா நம்ம கண்ணுல காட்டுவாங்களா அண்ணே? தொரை பங்களாவுக்குள்ள பூட்டி வெச்சிருப்பாரு."

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என்னைத்தான் கேலி செய்கிறார்களோ என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். நான் அப்படிப்பட்டவள். பள்ளிக்கு வந்தபின் ஸ்டவ்வை அணைத்தேனா என்று யோசிப்பேன். வீட்டுக்குப் போனபின் வகுப்பறை ஜன்னலைச் சாத்தினேனா என்று யோசிப்பேன். மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சியிடம் விட்டுவிட்டு வருவேன். ஐந்து மணிக்கு வகுப்பு தொடங்கினால் ஆறு மணிக்குப் பால் கட்டிக்கொள்ளும். ஆறரைக்கு ஓடுவேன். பாடம் நடத்தும்போது என்னில் பாதிதான் கரும்பலகை முன்னால் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அதை அவர்கள் கவனித்திருப்பார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

வாரத்துக்கு ஐந்து கணக்குகள் வீட்டுப்பாடம் கொடுப்பேன். முதல் மாதம் எல்லோரும் எல்லாவற்றையும் சரியாகப் போட்டு வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் கணவரிடம் நோட்டுகளைக் காட்டினேன். தோட்ட மருந்தகத்தில் மருந்து கலக்குகிறவர் அவர்; நோட்டுகளைப் புரட்டிவிட்டு, "எல்லாத்துலயும் கடைசி வரி மட்டும் ஒரே மாதிரி இருக்குது. நடுவுல ஆளுக்கொரு தினுசா இருக்குதே?" என்றார். அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். சவரிமுத்துவின் நோட்டில் இருபத்து நான்கை ஆறால் பெருக்கி நான்கு வந்திருந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடைகள் அச்சாகியிருந்தன. கடைசி வரியை முதலில் எழுதிவிட்டு, அதை நோக்கி மேலிருந்து எப்படியோ நடந்து வந்திருந்தார்கள்.

புத்தகங்கள் பள்ளியின் சொத்து. பக்கங்களைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஊசியும் தடித்த நூலும் கொண்டுவந்து, ஒவ்வொரு புத்தகத்திலும் விடைப் பக்கங்களைச் சுற்றி ஓரத்தில் தைத்துவிட்டேன். இருபத்திரண்டு புத்தகங்கள். சவரிமுத்து தன் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், எனக்கு ஒரு சட்டையும் கிழிஞ்சிருக்குங்க" என்றார். அன்று நானும் சிரித்தேன். அதற்கடுத்த வாரம் ஐந்தில் இரண்டு கணக்குகள்தான் சரியாக வந்தன. அந்த இரண்டும் அவர்கள் போட்டவை. அந்த நோட்டுகளைத்தான் நான் கணவரிடம் காட்டியிருக்க வேண்டும்.

இப்போது தேர்வைப் பற்றி.

எனக்கு முன்னால் இந்த வகுப்பை எடுத்தவர் ஓய்வுபெற்றுப் போகும்போது அந்தப் பச்சை அட்டைக் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார். முப்பது வருடக் கணக்குகள், விடைகளோடு. ஒரு இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. தேர்வுத் தாளை அதிலிருந்துதான் தயாரித்தேன். அதில் ஒரு கணக்கு: முப்பது டிகிரி சாய்ந்த பலகையில் நாற்பது கிலோ கட்டை ஒன்று கீழ்நோக்கித் தள்ளிவிடப்படுகிறது, உராய்வுக் குணகம் 0.6, தள்ளிய பின் கட்டையின் முடுக்கம் என்ன? விடை: மைனஸ் 0.19. அதாவது கட்டையின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

அதை அப்படியே எழுதியிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. நம் ஆட்களுக்குக் கட்டை எதற்கு, அவர்களுக்குத் தெரிந்த பொருளாக இருக்கட்டும் என்று ஒரு ஆசை வந்தது. 'நாற்பது கிலோ கொழுந்து மூட்டை ஒன்று சறுக்குப் பலகையில் வைக்கப்பட்டுள்ளது. அதன் முடுக்கம் காண்க' என்று மாற்றினேன்; சாய்வும் குணகமும் பழையவைதான். அழகாக மாற்றிவிட்டதாக நினைத்தேன். மாற்றும்போது 'தள்ளிவிடப்படுகிறது' காணாமல் போனது எனக்குத் தெரியவே இல்லை. ஏழாவது வினா, பத்து மதிப்பெண்.

தேர்வன்றே குழந்தைக்கு உடம்பு சரியில்லை; தாள்களைத் திருத்திய நாள் நல்ல காய்ச்சல். சேச்சி வாசலிலேயே நின்று, "மோளே, குட்டிக்கு மேலு சுடுது, நீ எவிடேயும் போகண்டா" என்று சொல்லிவிட்டார். மகளை மடியில் போட்டுக்கொண்டு, நெற்றியை ஒரு கையால் தொட்டுக்கொண்டே மறுகையால் திருத்தினேன். மறுநாள் காலையில் முடிவைப் பலகையில் ஒட்ட வேண்டும். பகல் ஒரு மணி பேருந்தில் பட்டியல் தொழிற்சாலைக்குப் போக வேண்டும்.

ஏழாவது வினாவுக்குப் பெரும்பாலோர் நான் சொல்லிக்கொடுத்த சூத்திரத்தில் எண்களைப் போட்டு மைனஸ் 0.19 என்று முடித்திருந்தார்கள். குறிப்பேட்டில் உள்ள விடை. பத்துப் பத்தாகப் போட்டுக்கொண்டே வந்தேன். ராசையாவின் தாள் வந்தது. அதில் இப்படி எழுதியிருந்தது:

'மூட்டையைக் கீழே இழுக்கும் விசை இருபது கிலோ எடை. பலகை பிடிக்கக்கூடிய விசை இருபதே முக்காலுக்குச் சற்று மேல். பிடிப்பு பெரியது. மூட்டை இறங்காது. முடுக்கம் பூச்சியம்.'

அதைப் படித்தபோது எனக்குச் சந்தேகம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. பேனா ஒரு கணம் நின்றது. ஆனால் எனக்கு எதில்தான் சந்தேகம் வராது? ஸ்டவ்வில் வரும், ஜன்னலில் வரும், மருந்து அளவில் வரும். அவற்றையெல்லாம் தள்ளிவிட்டுத்தான் ஒரு நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். இதையும் அவற்றோடு சேர்த்துத் தள்ளினேன். குறிப்பேட்டைப் பார்த்தேன். மைனஸ் 0.19. சிவப்புப் பேனாவால் பெரிய இன்ட்டு ஒன்று போட்டு, ஓரத்தில் பூச்சியம் எழுதினேன். கூட்டினால் முப்பத்து நான்கு வந்தது. பாவம் என்று நினைத்தேன். அடுத்த தாளை எடுத்தேன்.

உங்களுக்கும் அப்படி ஒரு மாலை வரும். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

காலையில் பட்டியலை ஒட்டினேன். காய்ச்சல் இறங்கியிருந்தது, ஆனாலும் மகளை விட்டுவர மனமில்லாமல் இடுப்பில் வைத்தே கொண்டுவந்திருந்தேன். எல்லோரும் பலகை முன்னால் முண்டியடித்தார்கள். ராசையா கூட்டம் கலையும்வரை தள்ளி நின்றார். பிறகு வந்து, மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை படித்தார். என்னிடம் வந்து புத்தகத்தை நீட்டினார்.

"பள்ளிக்கொடத்துப் பொஸ்தகம் டீச்சரம்மா. இனி எனக்கு எதுக்கு?"

வாங்கிக்கொண்டேன். அவர் போகவில்லை.

"மார்க்குக்காகக் கேக்கலீங்க. ஏழாவது கணக்கு மட்டும் எனக்கு விளங்கல. மூட்டை இறங்காதுன்னு எழுதுனேன்."

"விடை மைனஸ் பாயின்ட் ஒன்னு ஒம்பதுங்க அண்ணா."

"அது எனக்கும் வந்துச்சுங்க. ஆனா அங்க எங்க ஸ்டோருக்கு மேல இதே மாதிரி சறுக்குப் பலகை ஒன்னு இருந்துச்சு. ஈரச் சாக்க வெச்சா அப்புடியே குந்திக்கிட்டு இருக்கும். நான்தான் காலால ஒரு ஒதை விடுவேன். ஒதைச்சா கொஞ்ச தூரம் போவும், பொறவு நின்னுக்கும். மறுபடி ஒதைக்கணும். அதான்..."

"புத்தகத்துல அப்படித்தாங்க போட்டிருக்குது" என்றேன். புத்தகத்தில் அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை. குறிப்பேட்டில்தான் இருந்தது.

அவர் தலையை ஆட்டினார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சரம்மா." குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனார்.

சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றதுதான் என்னை நிற்கவிடவில்லை. ஆசிரியர் அறைக்குப் போய்க் குறிப்பேட்டையும் வினாத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வார்த்தை வார்த்தையாக விரல் வைத்துப் படித்தேன். குறிப்பேட்டில் 'தள்ளிவிடப்படுகிறது.' என் தாளில் 'வைக்கப்பட்டுள்ளது.' உதைத்தால் போகும், பிறகு நிற்கும் என்று அவர் சொன்னதுதான் குறிப்பேட்டின் கணக்கு. உதைக்காவிட்டால் உட்கார்ந்திருக்கும் என்றதுதான் என் கணக்கு. இரண்டுமே அவருக்குத் தெரிந்திருந்தன. எனக்கு ஒன்றுகூடச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. உராய்வு என்பது தேவைப்படுகிற அளவுக்குத்தான் பிடிக்கும், பிடித்து மேலே தள்ளாது என்பதை நானே மூன்று முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

மணி பதினொன்றரை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்கு ஓடினேன். பட்டியல் உறைக்குள் போய், ஒட்டப்பட்டு, மேசைமேல் இருந்தது.

"சார், ஒரு பேர் சேக்கணுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்க டீச்சர், ஒட்டினதுக்கப்புறமா?"

நான் சொன்னேன். தடுமாறித்தான் சொன்னேன். அவர் வரலாற்று ஆசிரியர். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்தது.

"மைனஸ்னு வந்தா மைனஸ்தானுங்களே. இத்தன பேரு அதைத்தான எழுதியிருக்காங்க?"

அவருடைய மேசை பழைய காலத்துச் சாய்வு மேசை. வருகைப் பதிவேடு அதன்மேல் கிடந்தது. சட்டென்று அதைக் காட்டினேன். "சார், இந்தப் பதிவேடு சரிவுலதான் இருக்குது. கீழ விழுகல. சரிங்களா? இதுக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் மைனஸ்தான் வரும். சும்மா இருக்கற பொருளுக்கு மைனஸ்னா அது மேல போகணுங்க. பதிவேடு உங்களைப் பாத்து நகராம அந்தப் பக்கமா ஏறுதுங்களா?"

அவர் பதிவேட்டைப் பார்த்தார். நிஜமாகவே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகளும் பார்த்தாள். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படின்னா நம்ம பசங்க கணக்குப்படி கொழுந்து மூட்டைய பலகையில வெச்சா, அது தானா மலை ஏறிப் போயிருமுங்க!"

"ஆமாங்க சார்."

சிரிப்பு நின்றதும் அவர் கேட்டதுதான் கடினமான கேள்வி. "சரி, இவருக்குப் பத்து போடறீங்க. அப்ப மூட்டைய மலை ஏத்துனவங்களுக்கு? அவங்க பத்தையும் எடுத்தா யார் யாரு விழுவாங்க?"

நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். விழுவது ஒரே ஒருவர். சவரிமுத்து. நாற்பத்தொன்று முப்பத்தொன்றாகும்.

சவரிமுத்து வெளியே முற்றத்தில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். என்னதான் கேட்கப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஏழாவது கணக்குல மைனஸ்னு வந்துச்சே, மூட்டை எந்தப் பக்கம் போகும்னு நெனச்சீங்க?"

அவர் ஹெட்மாஸ்டரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். "மேல போவுதுன்னு வந்துச்சுங்க டீச்சர். எனக்கே சிரிப்பாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் எழுதினீங்க? பரீட்சைக்கு நடுவுல எழுந்து கேட்டிருக்கலாமே?"

"கேக்கலாம்னுதான் பாத்தேன்." தரையைப் பார்த்தார். "நீங்க பயந்துருவீங்கன்னு விட்டுட்டேன். கேள்வியில தப்புன்னா அன்னிக்கு பூரா தூங்க மாட்டீங்களே. பாப்பாவுக்கு வேற ஒடம்பு முடியலன்னு சொன்னீங்க. சரி, டீச்சர் குடுத்த சூத்திரம், டீச்சருக்கே எழுதிக் குடுத்துருவோம்னு..."

ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. இருபத்திரண்டு பேர் எனக்காகப் பயந்து நடந்திருக்கிறார்கள். என் கவலை எனக்குள் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருந்தது. புதியவர்களே, நீங்கள் தவறு செய்யலாம், செய்வீர்கள். ஆனால் உங்கள் தவறை உங்களிடம் சொல்ல உங்கள் மாணவர்கள் தயங்கும்படி மட்டும் இருந்துவிடாதீர்கள். எனக்கு அதைக் கற்றுக்கொள்ள ஒருவருடைய பிழைப்பு விலையாகப் போகவிருந்தது.

சவரிமுத்துவை அனுப்பிவிட்டுச் சொன்னேன்: "சார், ராசையாவுக்குச் சேக்கறோம். யாருக்கும் எடுக்க வேண்டாங்க."

"அது நியாயமுங்களா?"

"தெரியலீங்க சார். கேள்வியக் கெடுத்தது நான். கெட்டுப்போன கேள்விக்கு அவங்ககிட்ட இருந்து எடுக்க எனக்கு உரிமை இல்லைன்னு தோணுது. இன்னிக்கு எனக்குத் தெரிஞ்ச நியாயம் இவ்வளவுதானுங்க."

இன்றுவரை அது முழுச் சரிதானா என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது வேறு வழி தோன்றினால் எழுதுங்கள்.

ஹெட்மாஸ்டர் உறையைக் கிழிப்பதற்கு முன் ஒன்று சொன்னார். "திருத்தின மார்க்க மாத்தணும்னா காரணம் எழுதி நீங்க கையெழுத்துப் போடணுங்க. அது உங்க கோப்புக்கும் ஒன்னு போகும். உங்களை இன்னும் நிரந்தரம் ஆக்கல, ஞாபகம் வெச்சுக்குங்க. 'கூட்டலில் விடுபட்டது'ன்னு எழுதினீங்கன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் நினைக்காமல் இல்லை. பிறகு மகளை அவர் மடியில் உட்கார வைத்துவிட்டு, ராசையாவின் தாளை எடுத்தேன். சிவப்புப் பூச்சியத்தை அடித்தேன். பத்து என்று எழுதினேன். கீழே எழுதினேன்: 'வினாவை மாற்றி எழுதியதில் பிழை என்னுடையது. ராசையாவின் விடை சரி. என் திருத்தம் தவறு.' கையெழுத்துப் போட்டேன். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

பட்டியலின் கடைசியில் தட்டச்சுக்குக் கீழே பேனாவால் ஒரு பெயர் சேர்ந்தது. ஒரு மணி பேருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தது. அதில் உறை போனது. ஆள் அனுப்பி ராசையாவுக்குச் சொன்னோம். சேதி கேட்டு வந்தவர் என்னிடம் முதலில் கேட்டது, "சவரிமுத்து பேரு இருக்குங்களா?" என்றுதான். இருக்கிறது என்றேன். "அப்பச் சரிங்க" என்றார். அவ்வளவுதான்.

என் கோப்புக்கும் அந்தக் காகிதம் போனது. நிரந்தரம் ஆவது ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த ஒரு வருடத்தை நினைத்து நான் வருந்தியதே இல்லை. இங்கே ஆறு வருடத்தில் நான் செய்தவற்றில், இது சரிதானா என்று இரண்டாம் முறை கேட்டுக்கொள்ளாத ஒரே காரியம் அந்தக் கையெழுத்து.

மூன்று வாரம் கழித்து வேலை உத்தரவு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராசையாவும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாழைப்பழச் சீப்பு ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். காபி குடித்தார்கள். போவதற்கு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, அந்தப் பரீட்சைத் தாள எனக்குத் தர முடியுங்களா?"

"விடைத்தாள் பள்ளிக்கூடத்துலதான் இருக்கணும்னு சட்டமுங்க அண்ணா. அதான் வேலை கெடச்சிருச்சே, இனி அது எதுக்கு?"

"வேல கெடக்கட்டும். பதினஞ்சு வருசம் ஸ்டோருல நின்னேன். மெசினு எங்க சுடுது, எது கழண்டிருக்குன்னு நான்தான் போயிச் சொல்லுவேன். தொரை வந்து பாத்துட்டு, அவரே கண்டுபிடிச்ச மாதிரி பொஸ்தகத்துல எழுதிக்குவாரு. நான் சொன்னது சரி, அவங்க சொன்னது பெசகுன்னு எவரும் கையெழுத்துப் போட்டதில்லீங்க." காபி டம்ளரைத் தள்ளி வைத்தார். "அசல் வேணாம். பாத்து எழுதிக் குடுத்தாலும் போதும்."

அந்தத் தாளை நான் பார்த்து எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வரி வரியாக மனப்பாடமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அவர் விடையை நீல மையில். இன்ட்டும் பூச்சியமும் சிவப்பில். பூச்சியத்தின் மேல் அடித்தல், பக்கத்தில் பத்து, கீழே என் மூன்று வாக்கியங்கள், கையெழுத்து. அவர் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. ராசையா தாளை விளக்குப் பக்கம் திருப்பி, ஒவ்வொரு இடமாக விரல் வைத்து, "இது நான் எழுதுனது. இது அவங்க தப்புன்னு போட்டது. இது தப்பு இல்லன்னு போட்டது" என்று காட்டினார். அந்த அம்மாள் கடைசி வரியில் என் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார்.

ராசையா மட்டும் திருப்தி இல்லாமல் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னங்க அண்ணா, ஏதாவது விட்டுப் போச்சுங்களா?"

"ஒன்னும் விடலீங்க. ஆனா இந்த இன்ட்டு சின்னதா இருக்கு டீச்சரம்மா. அன்னிக்கு நீங்க நல்லாப் பெருசாப் போட்டிருந்தீங்க."

வேறொரு தாளை எடுத்து முதலிலிருந்து எழுதினேன். இன்ட்டு போடும் இடம் வந்ததும், அவர் விரல்களை விரித்துக் காட்டிய அளவுக்குப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன்.